போடோனி எழுத்துரு: கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடைப் பலகை வரை

நகைக்கடை, பட்டுச் சேலைக்கடை, பியூட்டி பார்லர், கல்யாணப் பத்திரிகை என்று ‘ரிச்சா இருக்கணும்’ எனக் கேட்கப்படும் வேலைகளில், ஆங்கிலப் பெயருக்கு டிசைனரின் கை பெரும்பாலும் போடோனி வகை எழுத்துக்கே போகும். தூண் மாதிரி தடித்த ஒரு கோடு, அதை ஒட்டியே மயிரிழை மாதிரி ஒரு மெல்லிய கோடு. கணினித் திரையில் ஜொலிக்கும். அச்சாகி வந்ததும் பார்த்தால் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போயிருக்கும். பார்ட்டி (வாடிக்கையாளர்) அச்சகத்தைக் குறை சொல்வார், அச்சகத்தார் டிடிபி போட்டவரை, அதாவது கணினியில் பக்கம் அமைத்தவரைக் குறை சொல்வார். இருவர் மேலும் தப்பு இருக்காது. மயிரிழை எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் டிடிபி, ஸ்கிரீன் பிரிண்டிங், போர்டு வேலைகளுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இந்த வகை எழுத்தை அதன் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதன் மிக மெல்லிய கோட்டின் கனத்தை வைத்தே எந்த அளவு, எந்தக் காகிதம், எந்த முறை என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கான கணக்கு கீழே இருக்கிறது.

எழுத்தை அடையாளம் காண்பது

நான்கு அடையாளங்கள் போதும். (இங்கே ‘ஓ’, ‘ஏ’, ‘ஈ’ என்று மேற்கோளில் வருபவை ஆங்கில எழுத்துகளின் பெயர்கள்.) தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு மிக அதிகம். வட்ட எழுத்தான ‘ஓ’வின் தடிப்பு சாயாமல் இடத்திலும் வலத்திலும் நேர்செங்குத்தாக நிற்கும். செரிஃப் என்கிற முனைக்கோடு தட்டையான மயிரிழையாக இருக்கும். தண்டோடு, அதாவது எழுத்தின் நிமிர்ந்த தடித்த கோட்டோடு, அது சேரும் இடத்தில் வளைவு இருக்காது, இருந்தாலும் மிகச் சிறிதாக இருக்கும். சிறிய ‘ஏ’, ‘சி’, ‘எஃப்’, ‘ஆர்’ எழுத்துகளின் நுனியில் உருண்டையான ஒரு குமிழ் தொங்கும்.

செரிஃப் உள்ள எல்லாமே இந்த வகையில் சேராது. டைம்ஸ் நியூ ரோமனில் செரிஃப் தண்டோடு வளைந்து சேரும், மெல்லிய கோடும் அத்தனை மெல்லிசாக இருக்காது. பலர் போடோனி என்று நினைத்துப் போடும் பிளேஃபேர் டிஸ்பிளேயும் இதற்கு முந்தைய பாணியை ஒட்டியது. அதனால் அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. சில வேலைகளுக்கு அதுதான் தோதுப்படும்.

இந்தப் பாணி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. இத்தாலியின் பார்மா நகரில் அரசவை அச்சகத்தை 1768 முதல் நடத்திய ஜியாம்பட்டிஸ்டா போடோனி (1740–1813) ஒரு பக்கம், பாரிஸில் ஃபிர்மின் டிடோ (1764–1836) இன்னொரு பக்கம். இவர்களுக்கு முன்பே இங்கிலாந்தில் ஜான் பாஸ்கர்வில் வழவழப்பான காகிதத்தையும் கறுப்பு கூடிய மையையும் கொண்டுவந்து வழி திறந்திருந்தார். சொரசொரப்பான காகிதத்தில் இவ்வளவு மெல்லிய கோடு பதியாது. காகிதம் வழவழப்பான பிறகே மயிரிழை சாத்தியமாயிற்று. இன்றைக்கும் மேப்லித்தோவில் (பூச்சில்லாத சாதாரணக் காகிதம்) அடித்தால் சிரமம் தருவதும் ஆர்ட் பேப்பரில் (பூச்சுள்ள வழவழப்பான காகிதம்) அடித்தால் மின்னுவதும் அதனால்தான். போடோனியின் மாதிரி எழுத்துகள் முழுவதையும் அவர் இறந்தபின் 1818இல் அவருடைய மனைவி இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொரு அளவுக்கும் அவர் தனித்தனியாக அச்சு வெட்டியிருந்தார். சிறிய அளவுக்கு மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிமனாகவும் பெரிய அளவுக்கு மெலிதாகவும் வெட்டுவது அந்தக் கால அச்சுவெட்டிகளின் வழக்கம். கணினி வந்த பிறகு ஒரே வடிவத்தை 6 பாயின்டுக்கும் 600 பாயின்டுக்கும் (பாயின்ட் என்பது எழுத்தளவின் அலகு) இழுக்கப் பழகிவிட்டோம். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

எந்த எழுத்தில் எந்தக் கோடு மெலிவு

பெயரைக் கேட்டதுமே அந்தப் பெயருக்கு இந்த வகை பொருந்துமா என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு மூன்று விதிகளை மனதில் வையுங்கள். படுக்கைக் கோடு எல்லாமே மெலிவு. இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் சாய்வுக்கோடு தடிப்பு, மேலே ஏறும் சாய்வுக்கோடு, ‘இசட்’டில் தவிர, மெலிவு. செங்குத்துக் கோடு பெரும்பாலும் தடிப்பு. ‘என்’னின் இரண்டு செங்குத்துகளும், ‘எம்’மின் இடது செங்குத்தும், ‘யு’வின் வலது செங்குத்தும் மட்டும் விலக்கு.

இதை வைத்து ஆங்கிலத்தில் ‘ஹோட்டல்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதில் ஐந்து எழுத்துகள். மயிரிழை அச்சில் விழுந்துவிட்டால் ‘எச்’ இரண்டு தூணாகும். ‘டி’யும் ‘ஈ’யும் ‘எல்’லும் ஆளுக்கொரு தூணாகும். மிஞ்சுவது ஐந்து தூணும், இரு பக்கமாகப் பிளந்த ஒரு ‘ஓ’வும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஜன்னல் கம்பி மாதிரித் தெரியும். ‘டெக்ஸ்டைல்ஸ்’ இதைவிட மோசம். அதில் ‘டி’ இரண்டு, ‘ஈ’ இரண்டு, ‘எல்’ ஒன்று. ‘ஜுவல்லர்ஸ்’ நடுத்தரம். ‘சில்க்ஸ்’ ஓரளவு தாங்கும், ஏனென்றால் ‘எஸ்’ஸின் நடு உடல் தடிப்பானது, ‘கே’யின் கீழ்க்காலும் தடிப்பானது.

சிறிய எழுத்துகளில் வேறு மாதிரியான ஆபத்து. ‘ஈ’யின் நடுக்கோடு விழுந்தால் அது ‘சி’. ‘என்’, ‘எம்’, ‘யு’ எழுத்துகளை இணைக்கும் வளைவு விழுந்தால் எல்லாம் புள்ளியில்லாத ‘ஐ’ வரிசையாகிவிடும். எண்களில் 3, 5, 6, 8, 9 இவற்றின் வாய் மிகக் குறுகலாக இருப்பதால் மை சற்று ஏறினாலும் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். கைபேசி எண்ணை இந்த எழுத்தில் போடவே போடாதீர்கள். ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டால் பத்திரிகை எத்தனை அழகாக இருந்து என்ன பயன்?

சரியான ஃபான்ட் கோப்பை எடுப்பது

போடோனி என்ற பெயரில் ஏகப்பட்ட வடிவங்கள் உண்டு. அமெரிக்காவில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது மற்றவற்றைவிடச் சற்று முரட்டுத்தனமானது, அச்சில் தாங்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே போடோனி அதை ஒட்டியது. 1926இல் வந்த பாயர் போடோனி மிக மென்மையானது. பார்க்க அழகு, அச்சுக்குச் சோதனை. 1994இல் வந்த ஐடிசி போடோனி 6, 12, 72 என்று மூன்று அளவுகளுக்கு மூன்று வெட்டுகளாக வெளிவந்தது. மேக் கணினியில் இருக்கும் ‘போடோனி 72’ என்பதில் உள்ள 72 அழகுக்குப் போட்ட எண் இல்லை. 72 பாயின்ட் அளவுக்கான வெட்டு என்று பொருள். அதை எடுத்து 9 பாயின்டில் முகவரி அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள போடோனி மோடா. காசு இல்லை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். முக்கியமாக அதில் ‘ஆப்டிகல் சைஸ்’ என்ற நகர்த்தி 6 முதல் 96 வரை உண்டு. 6 பக்கம் தள்ளினால் மயிரிழை தடிக்கும், இடைவெளி விரியும். 96 பக்கம் தள்ளினால் மயிரிழை மெலியும், எழுத்துகள் நெருங்கும். எழுத்து பெரியதாக இருந்தாலும் அச்சு முறை முரட்டுத்தனமானது என்றால் 6 அல்லது 11 பக்கமே நிறுத்துவது நல்லது. எண்ணைப் பாயின்ட் அளவோடு பொருத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அச்சு முறைக்குத் தக்கபடி வையுங்கள்.

இந்த நகர்த்தி கோரல்டிராவில் 2020 பதிப்பு முதலும் இல்லஸ்ட்ரேட்டரில் 2018 பதிப்பு முதலும் வேலை செய்யும். ஊரில் பல மேசைகளில் இன்னும் பழைய கோரல்தான் ஓடுகிறது. அங்கே பதிவிறக்கத்துடன் வரும் ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில் உள்ள தனித்தனிக் கோப்புகளை நிறுவிக்கொள்ளுங்கள். எம்.எஸ். ஆபீஸுடன் வரும் போடோனி எம்டியையும் பயன்படுத்தலாம், அளந்து பார்த்த பிறகு.

மயிரிழையை அளப்பது

ஐந்து நிமிட வேலை. ஒரு ஃபான்டுக்கு ஒரு முறை செய்து, எண்ணை நோட்டில் குறித்துவைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

1. கோரல்டிராவில் பெரிய ‘எச்’ எழுத்தை 100 பாயின்டில் அடியுங்கள்.
2. கன்ட்ரோல், க்யூ அழுத்தி கர்வ் ஆக்குங்கள், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றுங்கள்.
3. நன்றாக ஜூம் செய்து, நடுப்படுக்கைக் கோட்டின் மேல் ஒரு செவ்வகம் வரையுங்கள். செவ்வகத்தின் உயரம் மேலே உள்ள பட்டியில் மில்லிமீட்டரில் தெரியும்.
4. அடியிலுள்ள செரிஃபையும் அப்படியே அளந்து, இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.
5. அதை 100ஆல் வகுங்கள். 1 பாயின்டுக்கு மயிரிழை எவ்வளவு என்பது கிடைக்கும்.

எடுத்துக்காட்டுக்கு 0.7 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1 பாயின்டுக்கு 0.007 மி.மீ. அப்படியானால் 10 பாயின்டில் மயிரிழை 0.07 மி.மீ., 24 பாயின்டில் 0.17 மி.மீ., 36 பாயின்டில் 0.25 மி.மீ. அச்சு முறை தாங்கும் குறைந்தபட்சக் கோட்டை 0.007ஆல் வகுத்தால், அந்த முறையில் இந்த ஃபான்டை எத்தனை பாயின்டுக்குக் கீழே போடக் கூடாது என்று தெரிந்துவிடும். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த 0.007 கணக்கில் சொன்னவை. உங்கள் ஃபான்டுக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பலகையில் இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் ‘என்’, ‘எம்’, ‘யு’ எழுத்துகளின் செங்குத்து மயிரிழை அளந்ததைவிட மெலியும். பக்கவாட்டில் இழுத்தால் தூண் மட்டும் பருத்து, படுக்கைக் கோடு அப்படியே நிற்கும். வேறுபாடு இன்னும் கூடி எழுத்து கோரமாகும். இந்த வகையை எந்தப் பக்கமும் இழுக்காதீர்கள். இடம் பத்தவில்லை என்றால் கன்டென்ஸ்டு வெட்டை, அதாவது குறுகலாகவே வரைந்த வடிவத்தைத் தேடுங்கள்.

அச்சு முறைக்குத் தக்க அளவு

ஆஃப்செட், சிடிபி பிளேட் (கணினியிலிருந்து நேரே எடுக்கும் பிளேட்), ஆர்ட் பேப்பர்: கறுப்பு ஒற்றை நிறத்தில் 0.09 மி.மீ. கோடு நன்றாக நிற்கும். ஆக 13 பாயின்டுக்கு மேல் கவலையில்லை. மேப்லித்தோவில் மை பரவும். அங்கே மெல்லிய கோடு விழுவதைவிடக் குறுகலான வாய் அடைத்துக்கொள்வதே அதிகம்.

கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் குறைந்தபட்சத்தை இரட்டிப்பாக, 0.18 மி.மீ. என்று வையுங்கள், அதாவது 26 பாயின்ட். காரணம், சுற்றியுள்ள மை உள்ளே பரவி மயிரிழையைத் தின்னும். அரக்கு நிறப் பின்னணியை நான்கு நிறங்களையும் கலந்து போட்டால் இன்னொரு வம்பு. ஏதாவது ஒரு பிளேட் 0.1 மி.மீ. நகர்ந்தாலே 0.07 மி.மீ. மயிரிழை முழுவதும் மூடிப்போகும். அரக்கைத் தனி நிறமாகக் கலந்து ஒரே பிளேட்டில் ஓட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால் மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மூன்றோடு நிறுத்துங்கள். சிறிய எழுத்தைக் கறுப்பில் போடும்போது கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் 0 என்று சரிபாருங்கள். ஆர்ஜிபி கோப்பிலிருந்து மாற்றிய கறுப்பில் நான்கு நிறமும் கலந்திருக்கும்.

லேசர் பிரின்டர், ஜெராக்ஸ் கடை: 600 டிபிஐ மிஷினில் ஒரு புள்ளி 0.042 மி.மீ. 10 பாயின்ட் எழுத்தின் 0.07 மி.மீ. மயிரிழைக்கு ஒன்றரைப் புள்ளிதான் கணக்கு. அரைப்புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே சில எழுத்தில் ஒரு புள்ளியும் சில எழுத்தில் இரண்டு புள்ளியுமாக விழும். வரி முழுக்க ஏற்ற இறக்கமாகத் தெரியும். இந்த நகலை வைத்து ஆஃப்செட்டில் எப்படி வரும் என்று முடிவு கட்ட வேண்டாம், பார்ட்டிக்கும் காட்ட வேண்டாம். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஸ்கிரீன் பிரிண்டிங்: சிவகாசியிலிருந்து வரும் ரெடிமேட் பத்திரிகை அட்டையில் பெயரும் நேரமும் மட்டும் உள்ளூரில் ஸ்கிரீனில் அடிப்பது பரவலான வழக்கம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். மெஷ் என்பது மை இறங்கும் வலைத்துணி. மெஷ் எண் 120 என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 120 நூல். ஒரு நூலும் ஒரு கண்ணும் சேர்ந்து 0.083 மி.மீ. ஒரு கோடு ஒழுங்காகப் பதிய அதைப்போல் மூன்று மடங்காவது அகலம் வேண்டும், அதாவது 0.25 மி.மீ., 36 பாயின்ட். அதற்குக் கீழே போனால் நூல் குறுக்கே விழும் இடத்தில் கோடு அறுபட்டு, புள்ளி புள்ளியாக வரும். தங்க நிறப் பவுடர் கலந்த மை என்றால் துகள் பெரியது, 77 மெஷ் தேவைப்படும். அங்கே மூன்று மடங்கு என்பது 0.39 மி.மீ., ஆக 56 பாயின்ட். பத்திரிகையில் மணமக்கள் பெயர் கூட இந்த அளவுக்கு வராமல் போகலாம். அப்போது ஆப்டிகல் சைஸை 6க்கு இறக்கி மறுபடியும் அளங்கள், கணக்கு மாறும்.

ஸ்கிரீன் தயாரிக்கும்போதும் மயிரிழை போய்விடுவதுண்டு. டிரேசிங் பேப்பரில் எடுத்த லேசர் பாசிட்டிவில் (ஸ்கிரீன் தயாரிக்க வைக்கும் மூலப் படியில்) கறுப்பு போதுமான அடர்த்தி இருக்காது. வெளிச்சம் அதையும் ஊடுருவி மெல்லிய கோட்டின் அடியில் மெஷ் மேல் பூசியுள்ள எமல்ஷன் பூச்சைக் கெட்டியாக்கிவிடும். கழுவும்போது கோடு திறக்காது. பிரின்டர் சூட்டில் டிரேசிங் பேப்பர் சுருங்கவும் செய்யும். மயிரிழை உள்ள வேலைக்கு ஃபிலிம் பாசிட்டிவ் கேளுங்கள். எக்ஸ்போஸ் நேரம் கூடினாலும் இதே கதைதான். வெள்ளை மெஷில் வெளிச்சம் நூல் வழியே பக்கவாட்டில் சிதறும், மஞ்சள் மெஷில் அது குறைவு.

சித்திரை, வைகாசி முகூர்த்த நாட்களில் வேலை குவியும், மதுரை வெயிலும் உச்சத்தில் இருக்கும். மையில் உள்ள சால்வென்ட் விரைவாக ஆவியாகி மெஷ் கண்ணிலேயே மை காயத் தொடங்கும். முதலில் அடைபடுவது மயிரிழைதான். நூறு அட்டைக்குப் பிறகு ‘ஈ’ எல்லாம் ‘சி’யாக மாறுவதைக் கண்டால் காரணம் இதுதான். மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்து, மை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை இழுத்த கையோடு மையைத் திரும்பப் பரப்பி மூடி வைத்தால் கட்டுப்படும். ஃபேன் நேராக ஸ்கிரீன் மேல் வீச விடாதீர்கள்.

துணிப்பை, மஞ்சப்பை: துணிக்குப் போடும் 43 மெஷில் மூன்று மடங்கு 0.7 மி.மீ. ஆகவே 100 பாயின்ட், அதாவது எழுத்து உயரம் சுமார் 25 மி.மீ. துணியின் நெசவே சொரசொரப்பு என்பதால் இந்தக் கணக்கும் நல்ல நெசவுக்கு மட்டும்தான். கெட்டியான காடாத் துணியில் போடோனி போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

தங்க ஃபாயில்: சூடான பிளாக்கில் 0.3 மி.மீ. கோடு பாதுகாப்பானது, 43 பாயின்ட். எழுத்துக்குள் இருக்கும் இடைவெளிக்கும் அதே 0.3 வேண்டும், இல்லையேல் ஃபாயில் பாலம் போட்டுக்கொள்ளும். பூவேலை, வரிவேலை உள்ள டெக்ஸ்ச்சர் அட்டையில் குழிகளில் ஃபாயில் ஒட்டாது. மயிரிழை துண்டு துண்டாக வரும். வழவழப்பான அட்டையை எடுங்கள்.

கடைப் பலகை

பலகையில் ஒன்று தயாரிப்புக் கணக்கு, இன்னொன்று பார்வைக் கணக்கு. நமது எடுத்துக்காட்டு ஃபான்டில் பெரிய எழுத்தின் உயரம் மயிரிழையைப் போல் 35 மடங்கு. வினைல் கட்டிங்கில் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் உரிக்கும்போது கோடு கூடவே வந்துவிடும். ஆகவே எழுத்து உயரம் குறைந்தது 52 மி.மீ. 3 மி.மீ. அக்ரிலிக்கை லேசரில் வெட்டினால் கோட்டின் அகலமும் 3 மி.மீ. ஆவது இருக்கட்டும். உயரம் 105 மி.மீ. இல்லாவிட்டால் மாட்டும்போதே செரிஃப் முறிந்துவிடும்.

உள்ளே எல்.இ.டி வைத்த பெட்டி எழுத்து என்றால், மாட்யூலை வைக்க மெல்லிய கோட்டிலும் 20 மி.மீ. அகலம் வேண்டும். 35 மடங்கு 700 மி.மீ., இரண்டேகால் அடி! மாசி வீதிகளில் அவ்வளவு உயரப் பலகைக்கு இடமுள்ள கடைகள் குறைவு. எல்.இ.டியைத் தண்டில் மட்டும் வைத்துவிட்டு மெல்லிய கோட்டை இருட்டாக விட்டால் இரவில் ‘ஹோட்டல்’ மறுபடியும் ஐந்து தூண். எழுத்துக்குப் பின்னால் சுவரில் ஒளி படும்படி வைப்பது இதற்கு நல்ல மாற்று. அப்போது எழுத்து முழுவதும் கரிய வடிவமாகத் தெரியும்.

பார்வைக் கணக்கு: சாதாரணக் கண்ணுக்கு 10 மீட்டரில் சுமார் 2.9 மி.மீ. கோடு வரைதான் பிரித்துத் தெரியும். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவர் 10 மீட்டரில் இருந்தால் எழுத்து உயரம் 10 செ.மீ. வேண்டும். பைபாஸ் ரோட்டில் 30 மீட்டரில் வண்டியில் வருபவருக்கு ஓர் அடி. இது அசையாமல் நின்று உற்றுப் பார்ப்பவருக்கான கணக்கு. ஓடும் வண்டிக்கு இதை இரட்டிப்பாக்குங்கள். பழைய நகரின் தெருக்களுக்கு போடோனி எடுபடுவதும் ரிங் ரோட்டில் எடுபடாததும் இதனால்தான்.

லோகோவுக்கு வெளிக்கோடு கொடுத்து மயிரிழையைத் தடிமனாக்குவது அவசரத்துக்கு உதவும். ‘அண்ணே, கொஞ்சம் போல்டாக்கிக் குடுங்க’ என்று கேட்டவுடன் எல்லோரும் செய்வது அதைத்தான். 0.2 மி.மீ. அவுட்லைன் கொடுத்தால் இரு பக்கமும் 0.1 வீதம் கூடும். எழுத்துக்குள் உள்ள வெளி அதே அளவு குறையும், கூரிய முனையெல்லாம் மழுங்கும். ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ தேர்வு செய்யாமல் விட்டால் விசிட்டிங் கார்டிலிருந்து பலகைக்குப் பெரிதாக்கும்போது எழுத்து மட்டும் பெருத்து அவுட்லைன் பழைய 0.2 மி.மீ.லேயே நின்றுவிடும். லோகோ என்றால் சிறிய அளவுக்கு ஒன்று, பெரிய அளவுக்கு ஒன்று என இரண்டு வடிவமாகவே செய்து கொடுங்கள்.

தமிழை அருகில் வைப்பது

தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. அங்கே தடிப்பும் மெலிவும் கிடையாது. அதனால் போடோனிக்கு நேர் ஜோடி என்று தமிழில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் உறுத்தாமல் நிற்பதைத் தேடுங்கள். தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நல்ல தேர்வு, மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை பல கனங்கள் உண்டு. போடோனியின் தூணையும் மயிரிழையையும் சராசரி பார்த்து அதற்கு ஒத்த கனத்தை எடுங்கள். தூணுக்குச் சமமாக எடுத்தால் தமிழ் வரி இருட்டாகிவிடும். உறவினர் பெயர் வரிசைக்கு டிரோ தமிழ் நன்றாக வாசிக்க வரும், ஆனால் அதில் போல்டு இல்லை. போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் வெளிக்கோடு போட்டுப் போலியாகத் தடிப்பாக்கும், ‘ண’வும் ‘ஞ’வும் சுழியில் அடைத்துக்கொள்ளும். ஹிந்த் மதுரை, அரிமா மதுரை இரண்டும் நம்மூர்ப் பெயரைத் தாங்கியவை என்பதற்காகத் தலைப்பில் போட்டுவிட வேண்டாம். ஹிந்த் மதுரை சீரான கனமுள்ளது. முகவரி, கைபேசி எண், வழித்தடக் குறிப்புக்கு அதைப்போல் உதவும் எழுத்துருக்கள் குறைவு. அரிமாவின் மழுங்கிய முனைகளும் போடோனியின் கூர்மையும் ஒத்துப்போகாது.

தமிழை ஆங்கிலத்தின் அதே பாயின்டில் போட்டால் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். 10 முதல் 15 சதவீதம் குறைத்துப் பாருங்கள். ‘க’வின் உயரம் ஆங்கிலச் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் இடையில் நின்றால் சரி. வரி இடைவெளி தமிழுக்கு 150 சதவீதம், ஆங்கிலத்துக்கு 135 முதல் 140. மேலே விசிறியும் கீழே கொக்கியும் முட்டாமல் இருக்க தமிழுக்கு அந்த இடம் தேவை.

ஆங்கிலத்தைப் பெரிய எழுத்துகளிலேயே அடிப்பதானால் டிராக்கிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) 50 முதல் 100 வரை கொடுங்கள். தூண்கள் நெருங்கி நின்றால் கண் கூசும். சிறிய எழுத்துகளுக்கு டிராக்கிங் வேண்டாம். ‘ஏ’, ‘வி’ இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தையும், ‘எல்’லுக்கு அடுத்து ‘டி’ வரும் இடத்தையும் கையால் சரிசெய்ய வேண்டும்.

ஒரு பத்திரிகைக்கான அளவுகள்

ஆர்ட் போர்டு, ஆஃப்செட், அரக்கு ஒற்றை நிறம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்வோம். மணமக்கள் பெயர் போடோனி மோடா 30 முதல் 36 பாயின்ட், ஆப்டிகல் சைஸ் 28 அருகே. ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருவளர்ச்செல்வி’ வரிகள் நோட்டோ செரிஃப் தமிழ் 12. பெற்றோர் பெயர் 14. முகூர்த்த நாளும் நேரமும் 14, எண்கள் போடோனியில் இருக்கலாம், ஆப்டிகல் சைஸ் 11க்கு இறக்கிய பிறகு. மண்டபத்தின் பெயர் 16. உறவினர் வரிசை டிரோ தமிழ் 9. கைபேசி எண் ஹிந்த் மதுரை 9. ஒரு பக்கத்தில் போடோனி மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். வெற்றிடம் தாராளமாக இருந்தால்தான் இந்த எழுத்து எடுக்கும். நான்கு பக்கமும் பூ, யானை, தோரணம் என்று நிறைந்த அட்டையில் பார்ட்டி இதையே கேட்டால், பெயரைச் சுற்றி ஒரு சென்டிமீட்டராவது வெறுமையாக விடச் சம்மதிக்க வையுங்கள்.

வாட்ஸாப்பில் அனுப்பும் பத்திரிகை தனிக் கதை. 1080 பிக்சல் அகலப் படத்தில் மயிரிழைக்கு 2 பிக்சலாவது வேண்டும். அதற்கு எழுத்தின் அளவு 100 பிக்சல். படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு மெல்லிய கோடு மங்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

பல அச்சகங்களில் தமிழ் இன்னும் பாமினி போன்ற பழைய குறிமுறையில்தான் அடிக்கப்படுகிறது. நீங்கள் யூனிகோடில் செய்த கோப்பைத் திறந்தால் கொம்பு இடம் மாறி, புள்ளி தள்ளி நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்வு செய்யாவிட்டாலும் அப்படித்தான். எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கர்வ் ஆக்கிய பிறகு ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். கர்வ் ஆகாத மூலக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள், முகூர்த்த நேரம் கடைசி நேரத்தில் மாறுவது அபூர்வமில்லை.

கோப்புடன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: மிக மெல்லிய கோடு எத்தனை மி.மீ., எந்த எழுத்தில் அது இருக்கிறது, அரக்கு ஒற்றை நிறமா கலப்பா. மிஷின் ஓடத் தொடங்கியதும் முதல் தாள்களில் அந்த எழுத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கோடு விட்டு விட்டு வந்தால் பிளேட்டிலேயே இருக்கிறதா என்று முதலில் பிளேட்டைப் பாருங்கள். பிளேட்டில் இருந்து தாளில் இல்லையென்றால் தண்ணீர் அதிகமா, பிளாங்கெட் (பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பு) அழுத்தம் குறைவா என்று ஆபரேட்டர் பார்ப்பார். மையைக் கூட்டச் சொல்லிவிட்டால் கோடு தெரியும், 6ம் 8ம் அடைத்துக்கொள்ளும். ஆகவே மை கடைசியில்தான். பிளேட்டிலேயே கோடு இல்லையென்றால் மிஷினில் செய்ய எதுவும் இல்லை. ஆப்டிகல் சைஸை இறக்கி, புது பிளேட் போடுங்கள்.